எண்ணூருக்கு ஒற்றை எண் போதாது

வடசென்னைக் காற்றின் நிலையைக் கைபேசியில் காட்டும் செயலிக்கு முகப்புத் திரை எப்படி அமைய வேண்டும் என்ற விவாதத்தில், செயலி வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். திரையின் நடுவில் பெரிதாக ஒரே எண். அதன் பின்னணியில் பச்சையோ மஞ்சளோ சிவப்போ ஒரே நிறம். கீழே ஒரு வரி விளக்கம். மற்ற எல்லாம் உள்பக்கங்களுக்குப் போய்விட வேண்டும். இதற்கு அவர் நான்கு காரணங்கள் சொல்கிறார்: சாதாரண மக்களுக்கு வரைபடம் படிக்க வராது, கைபேசித் திரை சிறியது, விவரம் கூடினால் பீதி கூடும், நாட்டின் அதிகாரபூர்வக் குறியீடே இப்படித்தான் இருக்கிறது.

இந்த வாதத்துக்கு வயது பத்துக்கு மேல். 2014 அக்டோபரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசியக் காற்றுத் தரக் குறியீட்டை அறிவித்தபோது அதற்கு வைத்த முழக்கமே ‘ஒரு எண், ஒரு நிறம், ஒரு விளக்கம்’ என்பதுதான். 2015 ஏப்ரலில் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். ஊர் நிலவரத்தை நாளுக்கு ஒருமுறை தெரிந்துகொள்ள அந்த முழக்கம் உதவியது. அதை நான் மறுக்கவில்லை. அதே முழக்கத்தைத் தூக்கிவந்து எர்ணாவூரிலும் பெரியகுப்பத்திலும் மணலியிலும் குடியிருப்பவரின் முதல் திரையில் ஒட்டுவதைத்தான் மறுக்கிறேன். ஆலைகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில் படுத்துறங்கும் மக்களுக்கு இந்த வடிவம் ஆபத்தானது. அவர் சொல்லும் நான்கு காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். இதைப் பார்க்காமலேயே அவர் அதைத் திரையின் நடுவில் உட்கார வைக்கிறார். நுண்துகள்கள் இரண்டு வகை, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம் என எட்டு மாசுகள் கணக்கில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை எண் போடுகிறார்கள். எட்டில் எது பெரிதோ அதுவே அன்றைய குறியீட்டு எண். கார்பன் மோனாக்சைடும் ஓசோனும் 8 மணி நேரச் சராசரி. மற்றவை 24 மணி நேரச் சராசரி. அமோனியாவும் கந்தக டை ஆக்சைடும் இந்த 24 மணி நேரக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. எண்ணூரையும் மணலியையும் திணறடிக்கும் வாயுக்கள் இவைதாம்.

இனி 2023 டிசம்பர் 26 இரவுக்கு வருவோம். பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளமும் அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கசிவும் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண் எரிந்து, மூச்சு முட்டி, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயிலருகே காற்றில் அமோனியா கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400.

அந்த 2090ஐ வைத்து, ஒற்றை எண் திரை என்ன காட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் 2090, மீதி 23 மணி நேரமும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 183. குறியீட்டின்படி அமோனியா 200 வரை ‘நல்லது’. கரும்பச்சை. துணை எண் 46. அதே நாளில் நுண்துகள் பி.எம். 2.5 சராசரி 55 என்றால் அதன் துணை எண் 92. பெரியதே வெல்லும் என்பதால் திரை 92 என்று காட்டும். இளம்பச்சையில் ‘திருப்தி’ என்று எழுதும். கசிவு மூன்று மணி நேரம் அதே அளவில் நீடித்தாலும் அமோனியாவின் சராசரி 349ஐத் தாண்டாது, துணை எண் 87ஐத் தாண்டாது. திரையில் இருக்கும் 92 ஓர் இலக்கம்கூட அசையாது. மூன்று மணி நேரம் ஒரு குப்பமே மூச்சுத்திணறும்போது, அவர் பரிந்துரைக்கும் முகப்புத் திரை பச்சையாகவே இருக்கும். இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். இதைப் போட்டுப் பார்க்காமல் ஒரு வடிவத்தைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற வேலை.

ராத்திரி 104 டிகிரி காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போட்ட குழந்தையைக் காலையில் எடுத்துப்போனால், நேற்று முழுநாள் சராசரி என்ன என்று கேட்கும் மருத்துவர் உண்டா? அந்தக் கேள்வியைத்தான் இவர் மக்களின் திரையில் முதல் கேள்வியாக வைக்கச் சொல்கிறார்.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனின் அன்றாடக் காற்றுக் குறியீடு கந்தக டை ஆக்சைடை 15 நிமிடச் சராசரியில் பார்க்கிறது. அந்த வாயு ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயைச் சுருக்கச் சில நிமிடங்களே எடுத்துக்கொள்ளும் என்பதே காரணம். உலக சுகாதார நிறுவனம் அதே வாயுவுக்கு 10 நிமிட வரம்பு ஒன்றையும் வைத்திருக்கிறது: 500 மைக்ரோகிராம். ஹாங்காங் 2013 டிசம்பரில் பழைய குறியீட்டைக் கைவிட்டு, மூன்று மணி நேர நகரும் சராசரிக்கு மாறியது. அமெரிக்கா தன் நேரடிக் காற்று நிலவரத்தில் நுண்துகளுக்குக் கடைசி 12 மணி நேரத்தை எடுத்து, அண்மை மணி நேரங்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. ‘இப்போது’ என்ற சொல்லுக்குத் திரையில் இடம் வேண்டும் என்று அங்கெல்லாம் உணர்ந்திருக்கிறார்கள். நம் வடிவமைப்பாளர் நேற்றைக் கரைத்து இன்றாகக் காட்டச் சொல்கிறார்.

நேரத்தைக் கரைப்பது ஒரு பக்கம். இடத்தைக் கரைப்பது இன்னொரு பக்கம். ‘சென்னை’ என்று ஒரே எண் வெளியிடும்போது, நகரத்தின் பல நிலையங்களின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தே வெளியிடுகிறார்கள். மணலியின் காற்றோடு வேளச்சேரியின் காற்றையும் பெருங்குடியின் காற்றையும் கலந்தால் கிடைக்கும் எண், எந்தத் தெருவிலும் எவரும் சுவாசிக்காத காற்றின் எண். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009இல் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ ரசாயன ஆலைகள், வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், நிலக்கரிக் கிடங்கு, சாம்பல் குளம் என அடுக்கடுக்காகச் சுமக்கும் மணலி, எண்ணூர் மண்ணின் நிலவரத்தைத் தென்சென்னையின் காற்றில் கலந்து மறைத்துவிட்டு, அதை எளிமை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது அவருடைய முதல் காரணம். சாதாரண மக்களுக்கு வரைபடம் புரியாது என்கிறார். எனக்கு மிகுந்த கோபம் வருவது இந்த இடத்தில்தான். மணலியில் ஆலைக் கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பார்ப்பவர் யார்? திருவொற்றியூரிலும் சாத்தாங்காட்டிலும் குடியிருப்பவர். எட்டு மணி நேரமும் அவர் கண் முன்னால் ஓடுவது அழுத்தம், வெப்பம், ஓட்டம் ஆகியவற்றின் டிரெண்ட் கோடுகள். எந்தக் கோடு எந்த வரம்பைத் தொட்டால் எந்த வால்வை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்த ஆலையும் தன் அமோனியா தொட்டியின் அழுத்தத்தை 24 மணி நேரச் சராசரியாகக் காட்டித் தன் ஆபரேட்டரை உட்கார வைக்காது. ஆலையின் சொத்தைக் காக்க நிமிடக் கணக்கு. அந்த ஆபரேட்டரின் பிள்ளைகளைக் காக்க நாள் கணக்கு. ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாமல் போய்விடுமா?

காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். விசைப்படகில் ஜிபிஎஸ் திரையும், மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் எக்கோ சவுண்டரும் வைத்துக்கொண்டு இருட்டில் கடலுக்குள் போய் வருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றைப் பேர் சொல்லிப் பேசுகிறவர்கள் அவர்கள். காற்றின் திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறி அவர்களுக்குப் புரியாது என்று சொல்வதற்கு அந்த மக்களைப் பார்த்தே இருக்கக் கூடாது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய செயலியில் அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி, சர்வதேசக் கடல் எல்லை எச்சரிக்கை என்று எத்தனையோ இருக்கின்றன. உயிரும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட தகவலை மக்கள் கற்றுக்கொள்வார்கள். மக்களுக்குப் புரியாது என்பது வடிவமைப்பாளர் தன் உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்ள வைத்திருக்கும் சாக்கு.

இரண்டாவது காரணம், திரை சிறியது என்பது. சிறியதுதான். எல்லாவற்றையும் அதில் அடைத்தால் எதுவும் தெரியாது என்பதும் உண்மை. 1994 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 275 அலாரங்கள் ஒலித்தன. முக்கியமானதும் முக்கியமில்லாததும் ஒன்றாகக் கூவியதால் எதைக் கவனிப்பது என்று ஆபரேட்டர்களுக்குத் தெரியவில்லை. நெரிசல் திரை ஆபத்தானது என்பதற்கு அது சான்று. ஆனால் அதே துறை இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அதை அவர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலேண்ட் அணு உலையில் ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. கண்ட்ரோல் ரூம் பலகையில் அந்த வால்வுக்கென்று இருந்தது ஒரே ஒரு விளக்கு. வால்வை மூடச் சொல்லும் உத்தரவு போனதை மட்டுமே அது காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டவில்லை. விளக்கு அணைந்ததைப் பார்த்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். உலையின் உள்ளகம் பாதி உருகியது.

அந்த விளக்கைவிட எளிமையான திரை இருக்க முடியாது. அது தவறான கேள்விக்குச் சரியான பதிலைக் காட்டியது. அவர் கேட்கும் ஒற்றை எண்ணும் அதே வகையைச் சேர்ந்தது. ‘நேற்று இதே நேரத்திலிருந்து இதுவரை நகரத்தின் காற்று சராசரியாக எப்படி?’ என்ற கேள்விக்கு அது ஒழுங்காகப் பதில் சொல்கிறது. எர்ணாவூரில் சன்னலைச் சாத்தலாமா திறக்கலாமா என்று கையில் கைபேசியோடு நிற்கும் தாய் கேட்பது அந்தக் கேள்வியை இல்லை. திரை சிறியது என்றால், இருக்கிற இடத்தில் எதை முதலில் வைப்பது என்று கூடுதலாக யோசிக்க வேண்டும். இருக்கும் இடம் முழுவதையும் உதவாத எண்ணுக்குக் கொடுத்துவிட்டு இடமில்லை என்று சொல்லக் கூடாது.

தகவல் இல்லை என்றும் அவர் சொல்ல முடியாது. மத்திய வாரியத்தின் காற்றுத் தரப் பக்கத்தில் ஒவ்வொரு மாசுக்கும் சராசரியோடு அன்றைய உச்ச அளவும் இருக்கிறது. 2014இலேயே 17 வகைப் பெருமாசு ஆலைகள் தங்கள் புகைபோக்கிகளில் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய வாரியம் உத்தரவிட்டது. அந்த அளவுகள் வாரிய அலுவலகத்துக்கு நேராக வந்து விழுகின்றன. அலுவலகத் திரைக்கு நிமிடக் கணக்கில் போகும் அளவு, குடியிருப்பவரின் திரைக்கு நாள் கணக்கில், அதுவும் நிறமாக மட்டும் வந்து சேர்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. யாருக்கு எதைக் காட்டுவது என்று யாரோ எடுத்த முடிவு அது. திரையின் வடிவமே அந்த முடிவைச் செயல்படுத்துகிறது.

மூன்றாவது காரணம் பீதி. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் மக்களைத் தெருவில் ஓடவிட்டது எது? எந்தச் செயலியும் அவர்களைப் பயமுறுத்தவில்லை. எந்த வரைபடமும் அவர்கள் கையில் இல்லை. நாற்றம் மட்டும் வந்தது. என்ன வாயு, எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போனால் தப்பலாம் என்று சொல்ல யாரும் இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகள் மூச்சுத்திணறி மயங்கினார்கள். நவம்பர் 4ஆம் தேதி பள்ளி மறுபடி திறந்ததும் மீண்டும் சிலர் மயங்கினார்கள். என்ன வாயு, எங்கிருந்து என்று வாசலில் நின்று கேட்ட பெற்றோருக்கு அன்று எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பகுதியின் மணிக்கணக்கு அளவும் காற்றின் திசையும் அந்தப் பெற்றோரின் கைபேசியில் இருந்திருந்தால், வாயு வெளியிலிருந்து வந்ததா இல்லையா என்பதற்காவது ஒரு தடயம் கையில் இருந்திருக்கும். தகவல் இல்லாத இடத்தில்தான் பீதி பிறக்கிறது. வடசென்னைக்காரர்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள்.

பீதி வாதத்தின் பின்விளைவையும் சொல்ல வேண்டும். பச்சைத் திரை சும்மா இருக்காது. ‘அன்று காற்று திருப்திகரமாகத்தான் இருந்தது’ என்று அதிகாரியும் ஆலையும் நாளை எடுத்துக் காட்டும் சான்றாக அது மாறும். மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனவரின் சொல்லுக்கு எதிராக அரசின் நிறம் வந்து நிற்கும். அப்படிப்பட்ட திரையை வடிவமைப்பவர் தான் நடுநிலையில் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

நான்காவது காரணம், தேசியக் குறியீடே இப்படித்தான் என்பது. அந்தக் குறியீடு நாள் முழுவதற்குமான பொதுச் சுகாதார அறிவிப்புக்கு உருவானது. குறைந்தது மூன்று மாசுகளின் அளவும், 16 மணி நேரத் தரவும் இருந்தால்தான் எண்ணே போட முடியும் என்பது அதன் விதி. கசிவு எச்சரிக்கைக்கு அது உருவாகவில்லை. அப்படி அது உரிமை கொண்டாடவும் இல்லை. மின்சாரம் போய்ப் பாதி நாள் கருவி நின்றுவிட்டால் எண் கிடையாது. குறியீட்டைப் பயன்படுத்து என்று சொல்லும் விதி உண்டு. திரையின் உச்சியில் அதை மட்டுமே வை என்று சொல்லும் விதி எங்கும் இல்லை. அந்த முடிவு அவருடைய சொந்த முடிவு. அதை அரசாங்கத்தின் தலையில் கட்டித் தப்பிக்க முடியாது.

சரி, எந்த வடிவம் வேண்டும்? என் பதில் இது. திரையின் உச்சியில் நிலையத்தின் பேர், நம் இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், கடைசியாக அளந்த நேரம். அதன் கீழே, இந்த மணி நேரத்தில் வரம்பைத் தாண்டிய வாயு எதுவோ அதன் பேரும் அளவும் தமிழில், பெரிய எழுத்தில். எதுவும் தாண்டவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். அடுத்து, கடந்த 24 மணி நேரத்துக்கும் மணிக்கு ஒரு கம்பமாக ஒரே வரிசை. குறுக்கே ஒரு வரம்புக் கோடு. நள்ளிரவில் எகிறிய கம்பம் காலையிலும் அங்கேயே நிற்கும்; எந்தச் சராசரியும் அதை விழுங்காது.

அதன் பக்கத்தில் காற்றின் அம்பு. இங்கே இது அலங்காரம் இல்லை. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும்பிக் கரையோர ஆலைகளின் புகையை உள்ளே தள்ளும். இரவில் நிலக்காற்று திரும்பினால் மேற்கே இருக்கும் மணலியின் வாயு திருவொற்றியூர் வீடுகளுக்குள் நுழையும். அம்பைப் பார்த்தால் எந்த வாசலிலிருந்து வருகிறது என்று தெரியும். அதற்குக் கீழே, செய்ய வேண்டியதைச் சொல்லும் இரண்டு வரி: அமோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர். அதை வாசித்துச் சொல்லும் குரல் பொத்தான் ஒன்று, படிக்காத பாட்டிக்கும் கண் எரிந்து திரையைப் பார்க்க முடியாதவருக்கும். கடைசியில், சிறிய எழுத்தில், அன்றைய தேசியக் குறியீட்டு எண்.

இன்னும் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. கருவி நின்றுபோனால் திரை சாம்பல் நிறமாகி, ‘இந்த மணி நேரத்துக்கு அளவு இல்லை’ என்று சொல்ல வேண்டும். கடைசியாக வந்த பச்சையைக் காட்டிக்கொண்டே இருக்கும் திரை பொய் சொல்கிறது. நிறத்தோடு சொல்லும் எப்போதும் இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கரும்பச்சைக்கும் இளம்பச்சைக்கும் இடையிலான வித்தியாசத்தை இருட்டில் மங்கலான திரையில் நல்ல கண்ணும் பிடிக்காது.

இதில் ஆறேழு பொருள்தான் இருக்கிறது. விரலால் தள்ளாமல் ஒரே திரையில் அடங்கும். மில்ஃபோர்ட் ஹேவன் நெரிசலும் இல்லை, திரீ மைல் ஐலேண்டின் ஒற்றை விளக்கும் இல்லை.

இரண்டு வடிவத்தையும் சோதிக்க வழி இருக்கிறது. வடிவமைப்பாளரின் அலுவலகத்திலோ கல்லூரி மாணவர்களிடமோ சோதிக்க வேண்டாம். பெரியகுப்பத்திலும் எர்ணாவூரிலும் மணலியிலும், விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில், நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுந்தவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். பத்து விநாடி கொடுங்கள். என்ன வாயு? எவ்வளவு? எந்தப் பக்கமிருந்து? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? இந்த நான்குக்கும் பதில் தராத திரையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்த விருது வாங்கியிருந்தாலும், வரைந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அந்தத் திரையை நம்பி இரவில் கண்மூடப்போகிறவர்கள் யாரோ, முதல் திரையில் எது இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையும் அவர்களுக்கே உரியது.